எரிமலைத் தீவும் குடிவரவும்: ரீயூனியன் பயணத்துக்கு ஒரு முறைமை

1. பொருளும் எல்லையும்

எரிமலையால் உருவாகிப் பல குடிகள் வாழும் வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்குச் செல்லும் பயணி எவற்றை, எந்த வரிசையில் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். எடுத்துக்காட்டாக இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில் உள்ள ரீயூனியனைக் கொள்கிறோம். மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில், தென் அட்சம் 21 பாகையில் அமைந்த இத்தீவின் பரப்பு சுமார் 2,500 சதுரக் கிலோமீட்டர். அதாவது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய பாதி. 1946 மார்ச் 19 முதல் இது பிரான்சின் கடல்கடந்த மாவட்டம்.

ஆய்வுக்குத் தேவையான இரு சொற்களை முதலில் வரையறுப்போம்.

எரிமலைத் தீவு: கடல்தளத்தில் பிறந்த எரிமலை வளர்ந்து, அதன் மேற்பகுதி நீர்மட்டத்துக்கு மேல் எழுந்த நிலம். ரீயூனியனின் மலைத்திரள் கடல்தளத்திலிருந்து அளந்தால் ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரமுடையது. கண்ணுக்குத் தெரியும் நிலம் அதன் முடிப்பகுதி மட்டுமே.

உள்ளூர்ப் பண்பாடு: ஓரிடத்து வாழ்வின் நிபந்தனைகளால் உருப்பெற்று, அவ்விடத்துத் தலைமுறைகளால் கையளிக்கப்படும் வாழ்முறை. தொல்குடித்தன்மை இந்த வரையறைக்குள் அடங்காது என்பதைக் கவனிக்க வேண்டும். ரீயூனியனில் தொல்குடி என்று எவரும் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அது நிலைத்த குடியற்ற தீவாகவே இருந்தது. இன்று அங்குள்ள மனிதர் அனைவரும் கடல்வழியாகவோ வான்வழியாகவோ வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் வழித்தோன்றல்கள்.

இவ்வரையறைகளிலிருந்து நமது கருதுகோள் பிறக்கிறது: இத்தகைய தீவில் நிலத்தை அது தோன்றிய வரிசையிலும், குடிகளை அவர்கள் வந்த நிபந்தனையின் வரிசையிலும் படித்தால்தான் அங்குள்ள வேறுபாடுகள் விளங்கும்.

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்து வாசகரை முன்னிறுத்தி எழுதுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, இவ்வட்டாரத்தார் பாறையின் மீதும் பாறையை வெட்டியும் வாழ்பவர்கள். மற்றொன்று, தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடைத்தெருவில் வழங்கும் எல்லை நாட்டில் வளர்ந்தவர்கள். நிலத்தையும் குடிப்பன்மையையும் ஒப்பிட்டு அறிய இந்த இரு அனுபவங்களும் அளவுகோலாக உதவும்.

2. நிலம்

2.1 தோற்றக் காரணம்

புவித்தட்டுகள் நகர்ந்துகொண்டிருக்க, அவற்றின் அடியில் நெடுங்காலம் ஏறக்குறைய ஓரிடத்திலேயே நின்று பாறைக்குழம்பை மேலே அனுப்பும் ஊற்றினை 'வெப்பப்புள்ளி' என்கிறோம். ரீயூனியன் அத்தகைய ஒரு வெப்பப்புள்ளியின் மேல் இருக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு இதே ஊற்றின் மீது இருந்தபோது வெளிப்பட்ட குழம்பே தக்காணத்தின் கரும்பாறைப் படுகைகளாக உறைந்தது என்பது புவியியலாரிடையே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பின்னர் இந்தியத் தட்டு வடக்கே நகர நகர, லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளமான கடலடி மேடும், தொடர்ந்து மொரீசியஸும், இறுதியில் ரீயூனியனும் தோன்றின.

எனவே பெலகாவியிலும் கலபுர்கியிலும் காணப்படும் கரும்பாறைக்கும் ரீயூனியனில் இன்று வழியும் குழம்புக்கும் மூலம் ஒன்று. கிருஷ்ணகிரியின் பாறை இந்த வரிசையில் சேராது. சையது பாஷா மலை போன்ற குன்றுகளையும் கிரானைட் குவாரிகளையும் நமக்குத் தந்த பாறைத்தொகுதி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. அது புவியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் பின் அரிப்பினால் வெளிப்பட்டது. ரீயூனியன் கடலுக்கு மேல் எழுந்து சில மில்லியன் ஆண்டுகளே ஆகின்றன. நம் பயணி மிகப் பழைய நிலத்திலிருந்து மிக இளைய நிலத்துக்குச் செல்கிறார். பாறை என்றால் மாறாதது என்று பழகிய கண்ணுக்கு, பாறை பிறப்பதைக் காணும் வாய்ப்பு அங்கே கிடைக்கிறது.

2.2 இரு மலைகளும் மூன்று பள்ளங்களும்

தீவு இரண்டு எரிமலைகளால் ஆனது. வடமேற்கில் உள்ள பித்தோன் தெ நேஜ் மூத்தது. ஏறத்தாழ 3,070 மீட்டர் உயரமுள்ள அதன் சிகரமே இந்தியப் பெருங்கடல் தீவுகளில் மிக உயர்ந்தது. அது பல்லாயிரம் ஆண்டுகளாக உறக்கத்தில் இருக்கிறது. தென்கிழக்கில் உள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் இளையது. 2,632 மீட்டர் உயரம், சுமார் ஐந்து லட்சம் ஆண்டு வயது. உலகில் அடிக்கடி சீறும் எரிமலைகளுள் இதுவும் ஒன்று.

இவ்விரண்டும் 'கேடய எரிமலை' வகையைச் சேர்ந்தவை. நீர்மைமிக்க குழம்பு தொலைவுவரை ஓடி உறைவதால், கவிழ்த்த கேடயம்போல் அகன்று சரிந்த வடிவம் பெறுபவை இப்பெயர் பெறும். வெடிப்பைவிட வழிவு மேலோங்குவது இவ்வகையின் இயல்பு.

மூத்த மலையைச் சுற்றி சலாசி, சிலாவோஸ், மஃபாத் என்னும் மூன்று பெரும் பள்ளங்கள் உள்ளன. செங்குத்துச் சுவர்கள் சூழ்ந்த இவற்றை எரிமலை வாய்கள் என்று எண்ணுவது பிழை. மலையின் பகுதிகள் சரிந்தும், பெருமழை அரித்தும் உண்டானவை இவை. ஆதலால் 'அரிப்புக் கிண்ணம்' என்று குறிப்போம். அரிப்பின் ஆற்றலுக்கு மழைக் கணக்கே சான்று. 1980 ஜனவரியில் ஹியாசிந்த் புயலின்போது கொம்மெர்சோன் என்னுமிடத்தில் 15 நாட்களில் 6,083 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆண்டு முழுவதும் ஆயிரம் மில்லிமீட்டரை எட்டாத சராசரி மழையோடு ஏரியும் அணையும் கட்டி வாழும் நம் மாவட்டத்தார் இந்த எண்ணின் பொருளை எளிதில் உணர்வர். இம்மலைகளும் கிண்ணங்களும் செங்குத்துச் சுவர்களும் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

2.3 சீற்றத்தின் நிலைகள்

ஃபூர்னேஸின் சீற்றம் பொதுவாக நான்கு நிலைகளில் நிகழ்கிறது. முதலாவது வீக்கநிலை: அடியில் குழம்பு சேரச் சேர மலை மிக நுண்ணிய அளவில் பருக்கிறது. இரண்டாவது அதிர்வுநிலை: குழம்பு மேலேறும் வழியில் பாறை முறிவதால் சிறு நிலநடுக்கங்கள் அடுத்தடுத்துப் பதிவாகின்றன. மூன்றாவது பிளவுநிலை: சரிவில் வெடிப்பு திறந்து குழம்பு ஊற்றாகப் பீறிடுகிறது. நான்காவது ஓட்டநிலை: குழம்பு சரிவில் இறங்கிச் சில வேளைகளில் கடலையும் அடைகிறது. முதல் இரு நிலைகளும் கருவிகளுக்கு மட்டுமே புலப்படும். எனவே முன்னறிவிப்பு அவற்றையே சார்ந்திருக்கிறது.

1977 ஏப்ரலில் குழம்பு வழக்கமான எல்லைக்கு வெளியே பிளந்து பித்தோன் சேந்த் ரோஸ் என்ற ஊருக்குள் புகுந்தது. மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். வீடுகள் அழிந்தன. ஊர்த் தேவாலயத்தைக் குழம்பு இருபுறமும் சூழ்ந்து வாயிலோடு நின்றது. அந்நிகழ்வின் விளைவாகவே 1979இல் எரிமலைக் கண்காணிப்பு நிலையம் நிறுவப்பட்டது. 2007 ஏப்ரலில் நிகழ்ந்த பெருஞ்சீற்றத்தில் உச்சியிலுள்ள தொலோமியூ வாயின் தளம் முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்ளிறங்கியது.

குழம்பு ஆறியபின் உயிர் திரும்புவதற்கும் ஒழுங்குண்டு. முதலில் சாம்பல்நிறப் பாறைப்பாசி, அடுத்துப் பெரணிகள், பின் புதர்கள், இறுதியில் மரங்கள். கிழக்குக் கடலோரச் சாலையில் செல்பவர் வெவ்வேறு ஆண்டுகளில் வழிந்த ஓட்டங்களை அடுத்தடுத்துக் கடக்கிறார். ஒவ்வொன்றிலும் இவ்வரிசையின் ஒவ்வொரு படி தெரிவதால், ஓட்டத்தின் முதுமை இளமையைச் செடிகளைக் கொண்டே ஓரளவு கூறலாம்.

3. குடிகள்

3.1 வருகையின் ஐந்து வகைகள்

தீவின் மக்களை நிறத்தாலோ சமயத்தாலோ வகுப்பதைவிட, வந்த நிபந்தனையால் வகுப்பதே காரணத்தோடு பொருந்துவது. அவ்வாறு ஐந்து வகைகள் கிடைக்கின்றன.

அ. குடியேறி வந்தோர். 1660களில் பிரெஞ்சுக்காரரும் அவர்களோடு மடகாஸ்கர் மக்களும் வந்து தங்கினர். மேற்கு இந்தியக் கடற்கரையிலிருந்து இந்தோ-போர்த்துகீசியப் பெண்களும் அந்நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தனர். ஆகவே தீவின் முதற் குடும்பங்களே கலப்பினால் ஆனவை.

ஆ. அடிமையாகக் கொணரப்பட்டோர். மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பெருந்தொகையினர் கொணரப்பட்டனர். இந்தியாவிலிருந்து வந்தோரும் அவர்களுள் உண்டு. 1848 டிசம்பர் 20 அன்று அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது விடுதலை பெற்றோர் 60,000க்கும் மேற்பட்டோர்.

இ. ஒப்பந்தத்தால் வந்தோர். விடுதலைக்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் ஆகிய பிரெஞ்சுத் துறைகளிலிருந்தும், 1860, 1861ஆம் ஆண்டுகளின் ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கைகளுக்குப் பின் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலிருந்தும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். ஐந்தாண்டு ஒப்பந்தம் பொதுவழக்கு. நடத்தப்பட்ட விதம் பற்றிய முறையீடுகள் பெருகியதால் 1882இல் ஆங்கில அரசு இவ்வனுப்புதலை நிறுத்தியது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் சென்றிருந்தனர். அவர்களுள் தமிழரே பெரும்பான்மையினர். அவர்தம் வழியினர் இன்று 'மல்பார்' எனப்படுகின்றனர்.

ஈ. வணிகத்தால் வந்தோர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் குஜராத்து முஸ்லிம்கள் துணிக்கடைகளையும், சீனர் மளிகைக் கடைகளையும் நிறுவினர். சேன் தெனி நகரில் 1905இல் திறக்கப்பட்ட நூர்-எ-இஸ்லாம் பள்ளிவாசல் குஜராத்து முஸ்லிம் வணிகர்களின் முயற்சியால் எழுந்தது.

உ. குடியுரிமையால் வந்தோர். 1946க்குப் பின் பிரான்சின் பெருநிலத்திலிருந்து அலுவலரும் ஆசிரியரும், அண்மைப் பதிற்றாண்டுகளில் மயோத் தீவினரும் வந்துள்ளனர்.

பிரெஞ்சு அரசு இனவாரிக் கணக்கெடுப்பு நடத்துவதில்லை. ஆதலால் இவ்வகைகளின் விகிதங்களாகச் சொல்லப்படுபவை யாவும் மதிப்பீடுகளே.

3.2 பயிரும் உழைப்பும்

மேற்கண்ட வருகைகளுக்கு இடையே ஓடும் காரணத்தொடர் பயிர். 18ஆம் நூற்றாண்டில் காப்பி, 19இல் கரும்பு, அதனோடு வனிலா என்று பயிர் மாற மாற உழைப்பின் தேவையும் மாறியது. மனிதர் கொணரப்பட்டதும் அத்தேவைக்கேற்பவே.

வனிலா இங்குத் தனிக் கவனத்துக்கு உரியது. மெக்சிகோவிலிருந்து வந்த இக்கொடி பூத்தது, காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் அந்நாட்டுப் பூச்சிகள் இங்கு இல்லாமையே காரணம். 1841இல் சேந்த் சுசான் பகுதியில் எட்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் வழி கண்டான். மெல்லிய குச்சியால் பூவின் உள்மடலை உயர்த்தி, மகரந்தத்தைச் சூல்முடியில் கட்டைவிரலால் அழுத்துவதே அம்முறை. பூ ஒருநாள் மட்டுமே மலர்ந்திருக்கும். அதற்குள் இதைச் செய்தாக வேண்டும். உலகின் வனிலாத் தோட்டங்கள் இன்றும் இம்முறையையே கையாள்கின்றன. விடுதலைக்குப் பின் அல்பியுஸ் என்ற குடும்பப்பெயர் பெற்ற அவர் வறுமையில் இறந்தார். தோட்டப் பொருளியலின் அறிவு எவர் கையில் பிறந்தது, பயன் எவரிடம் சேர்ந்தது என்பதற்கு இவ்வரலாறு தெளிந்த சான்று.

3.3 உயரமும் குடியிருப்பும்

நிலமும் குடிவரவும் சந்திக்கும் இடம் உயரம். மழை மிகுந்த வடகிழக்குக் கடலோரச் சரிவு கரும்புக்கு ஏற்றது. எனவே சேன் ஆந்த்ரே, சேந்த் சுசான் ஊர்களில் தமிழ் வழியினர் செறிந்தனர். தோட்டத்திலிருந்து தப்பிய அடிமைகள் எட்டற்கரிய அரிப்புக் கிண்ணங்களில் ஒளிந்து வாழ்ந்தனர். மஃபாத் உள்ளிட்ட மலையிடப் பெயர்கள் சில அவர்தம் தலைவர்களோடு தொடர்புடையவை. பாகப்பிரிவினையால் நிலம் இழந்த வெள்ளையர் மேட்டுச் சமவெளிகளுக்கு ஏறினர். இன்றும் மஃபாத்துக்குச் சாலை இல்லை. கால்நடையாகவோ ஹெலிகாப்டரிலோதான் சென்றடைய இயலும். நிலவடிவமே சமூகப் பங்கீட்டைச் செய்திருக்கிறது.

4. ஒன்றியவையும் நின்றவையும்

4.1 எல்லை நாட்டோடு ஓர் ஒப்பீடு

ஓசூர் வட்டாரத்தில் மொழிகள் பல, நிலைபெற்றவை. வீட்டில் தெலுங்கும், பள்ளியில் தமிழும், சந்தையில் கன்னடமும் பேசும் ஒருவரை இங்கு எவரும் வியப்பதில்லை. ரீயூனியனில் இதற்கு மாறாக மொழிகள் ஒன்றிவிட்டன. பிரெஞ்சு அடிப்படையில் தோட்டத்தில் பிறந்த கிரியோல் பெரும்பாலோருக்குத் தாய்மொழியாயிற்று. ஆனால் வழிபாடுகள் தனித்தனியே நின்றன.

இவ்வேறுபாட்டின் காரணங்கள் மூன்று. முதலாவது, தொடர்ச்சி: ஓசூரில் ஒவ்வொரு மொழிக்கும் பின்னால் அடுத்துத் தொடரும் நிலப்பரப்பு உண்டு, தீவில் கடலே எல்லை. இரண்டாவது, குடும்ப அமைப்பு: ஒப்பந்தக் காலத்தில் பெண்களின் தொகை ஆண்களைவிட மிகக் குறைவாக இருந்ததால் பல குடும்பங்கள் கலப்பு மணத்தில் அமைந்தன, தாயின் மொழி கிரியோலாக இருந்தது. மூன்றாவது, சட்டமும் பள்ளியும்: 1889ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தீவில் பிறந்தோரைப் பிரெஞ்சுக்காரராக்கும் வழியைத் திறந்தது; பள்ளி பிரெஞ்சில் நடந்தது; கிறித்தவத் திருமுழுக்கும் பிரெஞ்சு முதற்பெயரும் வழக்காயின. வழிபாடு நிலைத்தமைக்குக் காரணம், தோட்டக் குடியிருப்பில் கூலிகளின் கையில் விடப்பட்ட ஒரே பொதுச்செயல் அதுவாக இருந்தமை.

4.2 தீமிதி

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நன்கறியப்பட்டது. பாரதச் சொற்பொழிவு, இரவுக் கூத்து, மண்ணால் சமைத்த துரியோதனன் உருவத்தின் முன் படுகளம், இறுதியில் தீமிதி என்பது அதன் ஒழுங்கு. செஞ்சிப் பகுதியை நடுவாகக் கொண்டு வடதமிழ் நாடெங்கும் பரவிய இம்மரபே கப்பலேறித் தீவை அடைந்தது. அங்குத் திரௌபதி 'பாந்தியாலே' எனப்படுகிறாள்.

நிகழ்முறையை நெருங்கி நோக்குவோம். 18 நாள் விரதம். இறைச்சியும் மதுவும் தாம்பத்தியமும் விலக்கு. விழாநாளில் தீக்குழியில் விறகு எரிந்து தணலாகிறது. மஞ்சள் ஆடை அணிந்து, பூக்கரகம் தாங்கிய பூசாரி முதலில் இறங்க, விரதம் காத்தோர் வரிசையாகப் பின்தொடர்கின்றனர். அவர்களுள் தமிழ் வழியினர் அல்லாதாரும் உண்டு. கூத்துக்கும் அங்கு வழித்தோன்றல் உண்டு. வாத்தியார் ஏட்டைப் பார்த்துத் தமிழில் பாட, கிரியோல் பேசும் கலைஞர்கள் பாண்டவராக ஆடுகின்றனர்.

காலம் மட்டும் மாறியிருக்கிறது. நம்மிடத்தில் இவ்விழா பெரும்பாலும் சித்திரை முதல் ஆடிவரை நிகழும். தீவில் கரும்பு வெட்டு ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பல கோயில்களில் தீமிதி டிசம்பர், ஜனவரியில், அறுவடை ஓய்வோடு இசைந்து அமைகிறது. சடங்கின் உள்ளொழுங்கு ஊரிலிருந்து வந்தது. நாட்காட்டியைத் தோட்டம் வகுத்தது.

4.3 கோயிலின் இரு அடுக்குகள்

தமிழ்க் கோயில்கள் அங்கு இருவகை. முதலாவது தோட்டக் கோயில்: ஆலைக்கருகே, தொழிலாளர் எழுப்பிய சிறு கோயில், மாரியம்மனும் மதுரை வீரனும் முனீஸ்வரரும் உறைவது, ஆடு கோழி பலியிடப்படுவது. இரண்டாவது நகரக் கோயில்: 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த சமய மறுமலர்ச்சியில், தமிழ்நாட்டுச் சிற்பிகளும் குருக்களும் வந்து ஆகம முறைப்படி கோபுரத்தோடு அமைத்தது. எது தூய மரபு என்ற விவாதம் இவ்விரண்டுக்கும் இடையே உண்டு. நமது வரையறைப்படி முன்னதும் பின்னதும் உள்ளூர்ப் பண்பாடுகளே. ஒன்று ஒப்பந்தக் கால நிபந்தனையாலும், மற்றொன்று உரிமை பெற்ற குடிமக்களின் தேடலாலும் உருவானவை. ஞாயிறு காலை தேவாலயத்துக்கும் மாலை கோயிலுக்கும் செல்லும் குடும்பங்களும் உள்ளன. இதைக் குழப்பம் என்று முடிவுகட்டும் உரிமை பயணிக்கு இல்லை.

5. பயணத்தின் படிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து பயண ஒழுங்கு தானே வருகிறது.

முதற்படி, ஆயத்தம். ரீயூனியன் பிரான்சைச் சேர்ந்ததாயினும் ஷெங்கன் பரப்பில் அடங்காது. ஆகவே ஷெங்கன் விசா மட்டும் போதுமெனக் கருதாமல் நடப்பு விதிகளைப் பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்டறிய வேண்டும். நாணயம் யூரோ. கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. தென்கோளமாதலால் மே முதல் அக்டோபர்வரை குளிர்ந்த வறண்ட பருவம். மலையேற இதுவே தக்கது. ஜனவரி முதல் மார்ச்சுவரை புயலச்சம் மிகுதி. எனவே மலையை நாடுவோருக்கும் தீமிதியை நாடுவோருக்கும் பருவம் வேறுவேறு.

இரண்டாம் படி, வருகையின் இடம். சேன் தெனிக்கு மேற்கே கிராந்த் ஷலூப்பில் ஒப்பந்தக் கூலிகளைத் தொற்றுநோய் அச்சத்தால் தனித்து வைத்த தடுப்பு விடுதி பேணப்படுகிறது. பயணத்தை இங்கே தொடங்குவது குடிவரவின் நிபந்தனையை முதலிலேயே மனத்தில் பதிக்கும்.

மூன்றாம் படி, கடலோரம். சேன் ஆந்த்ரேயில் இருவகைக் கோயில்களையும் காண வேண்டும். காலணி கழற்றுவதும், படமெடுக்க இசைவு கேட்பதும், தமிழ் தெரியாத அர்ச்சகர் உச்சரிக்கும் மந்திரத்தைத் திருத்த முற்படாமையும் கடமைகள்.

நான்காம் படி, அரிப்புக் கிண்ணங்கள். மூத்த மலையின் சிதைவையும் தப்பியோடியோரின் புகலிடத்தையும் ஒரே நடையில் காணலாம்.

ஐந்தாம் படி, எரிமலை. 2,311 மீட்டர் உயரத்திலுள்ள பா தெ பெல்கோம்ப் விளிம்பிலிருந்து பெருவாய்த் தளத்துக்குப் படிகள் இறங்குகின்றன. உறைந்த குழம்பின்மேல் இட்ட வெள்ளை வண்ணக் குறிகளே வழிகாட்டி. நண்பகலில் மூடுபனி கவிவதால் விடியலிலேயே தொடங்க வேண்டும். ஓசூர்க் குளிருக்குப் பழகியவருக்கும் கம்பளியாடை தேவைப்படும். சீற்ற எச்சரிக்கை எழுந்ததும் ஆட்சியர் அலுவலகம் வழியை மூடிவிடும். அவ்வாணையை மீறாதிருப்பது பயணியின் முதல் ஒழுக்கம்.

6. முடிவுகள்

ஆய்விலிருந்து பெறப்படுவன மூன்று.

ஒன்று, எரிமலைத் தீவில் நிலத்தின் வயது வரிசை மக்களின் குடியிருப்பு வரிசையைப் பெரிதும் விளக்குகிறது. மழையும் சரிவும் பயிரை முடிவுசெய்ய, பயிர் உழைப்பையும், உழைப்பு குடிவரவையும் முடிவுசெய்தன.

இரண்டு, பன்மை ஒரே வடிவில் நிலைப்பதில்லை. நம் எல்லை நாட்டில் அது மொழியில் நிற்கிறது. தீவில் வழிபாட்டில் நிற்கிறது. எது நிற்கும், எது ஒன்றும் என்பதை வந்தோரின் விருப்பத்தைவிட வந்த நிபந்தனையே பெரிதும் வரையறுக்கிறது.

மூன்று, அங்குள்ள தமிழ் வழியினரைத் தமிழ்நாட்டின் மறதியாகவோ எச்சமாகவோ மதிப்பிடுவது ஆய்வுக்கும் அறத்துக்கும் ஒவ்வாது. மொழி கைநழுவிய பின்னும் 18 நாள் விரதத்தைத் தலைமுறைதோறும் காத்தவர்கள் அவர்கள். அக்காப்பு அத்தீவிலேயே, அவர்தம் உழைப்பால் ஆக்கப்பட்டது. அதை அவர்களுடையதாகவே ஏற்று, நம்முடையதோடு ஒப்பிட்டுக் கற்பவரையே இக்கட்டுரை பயணி என்ற சொல்லால் குறிக்கிறது.